மூலமும் பாடபேதமும்: ஒரு லாம்பிரெட்டாவைச் செப்பனிட்ட கதை

பழைய நூலொன்றைப் பதிப்பிப்பவர் முன்னும் பழைய வண்டியொன்றைச் செப்பனிடுபவர் முன்னும் நிற்கும் கேள்வி ஒன்றுதான்: எது மூலம்? செல்லரித்துப் போன இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது? இடையில் வந்த கை ஒன்று சேர்த்துவிட்டுப் போனதை நீக்குவதா, விட்டுவைப்பதா? எங்கள் வீட்டு ஸ்கூட்டர் ஒன்றை மீண்டும் ஓடச்செய்ய முனைந்த நாளிலிருந்து இக்கேள்விகள் எங்களை விடவில்லை. நாங்கள் என்பது அண்ணன் தம்பி இருவர். ஒருவர் சிதம்பரத்தில் தமிழ் கற்பிப்பவர். மற்றவர் கடலூர் முதுநகரில் கடை வைத்திருப்பவர்.

வண்டி 1978ஆம் ஆண்டின் விஜய் சூப்பர். பெயரைக் கேட்டால் உள்ளூர்ச் சரக்கு என்றே தோன்றும். ஆனால் அதன் பூர்வீகம் இத்தாலி. மிலான் நகரின் லாம்பிராட்டே பகுதியில் எஃகுக் குழாய்கள் செய்துவந்தவர் ஃபெர்டினாண்டோ இன்னொசென்டி. இரண்டாம் உலகப் போரில் ஆலை சிதைந்தது. போருக்குப்பின் மக்கள் மலிவாகப் பயணம் செய்ய ஒரு வண்டி வேண்டியிருந்தது. 1946இல் பியாஜியோ நிறுவனம் வெஸ்பாவைக் கொண்டுவர, மறு ஆண்டே இன்னொசென்டியின் லாம்பிரெட்டா வந்தது. வெஸ்பா தகட்டை மடித்து, உடலையே எலும்பாக்கிச் செய்த வண்டி. குழாய் செய்தவர் வண்டி செய்தால் வேறெப்படி இருக்கும்? லாம்பிரெட்டாவின் முதுகெலும்பு ஓர் எஃகுக் குழாய். மற்றவை அதன்மேல் போர்த்திய தகடுகள்.

அறுபதுகளின் இறுதியில் இத்தாலியில் சிறிய கார்கள் பெருகின, ஸ்கூட்டர்கள் தேங்கின. 1971இல் மிலானில் உற்பத்தி நின்றது. நம் அரசு அந்த ஆலையின் இயந்திரங்களையும் உரிமைகளையும் விலைக்கு வாங்கி, 1972இல் ஸ்கூட்டர்ஸ் இந்தியா என்ற பொதுத்துறை நிறுவனத்தை லக்னோவில் நிறுவியது. பம்பாயில் ஐம்பதுகளிலிருந்தே வேறொரு நிறுவனம் லாம்பிரெட்டாவைச் செய்துவந்தது உண்மை. ஆனால் லக்னோவுக்கு வந்தது ஆலையே. வெளிநாட்டுக்குப் போனவை லாம்பிரெட்டா என்றும், உள்நாட்டில் விற்றவை விஜய் சூப்பர் என்றும் பெயர் பெற்றன. 1997இல் அங்கும் ஸ்கூட்டர் உற்பத்தி முடிந்தது. லக்னோவிலிருந்து சென்ற உதிரிப்பாகங்கள்தாம் இங்கிலாந்தின் லாம்பிரெட்டாப் பித்தர்களைப் பல ஆண்டுகள் காத்தன என்பது இக்கதையின் இனிய முரண். சுவடி பிறந்த ஊரில் அழிந்து, படியெடுத்த ஊரில் பிழைத்த கதை நமக்குப் புதிதல்லவே.

ஆகவே எங்கள் வண்டிக்கு மூலம் எது? மிலானா, லக்னோவா? இக்கேள்வியை முதலில் எழுப்பியவர் வெளியூரிலிருந்து வந்த வியாபாரி ஒருவர். பழைய ஸ்கூட்டர்களை வாங்கி, விஜய் சூப்பர் என்ற எழுத்தைக் கழற்றிவிட்டு இத்தாலியச் சின்னத்தைப் பொருத்தி, இரட்டை வண்ணம் பூசி, வெளிநாட்டுக்கு அனுப்புவது அவர் தொழில். அவர் சொன்ன விலை எங்கள் எதிர்பார்ப்புக்கு மிக மேல். அப்போது கடைக்குப் பணம் தேவைப்பட்டது. மறுப்பது எளிதாக இல்லை. இரண்டு நாள் யோசித்தோம். பிற்காலத்தவர் பாட்டுக்குச் சங்கப் புலவர் பெயரை எழுதி விற்பது போன்ற வேலை அது என்று பட்டது. வேண்டாமென்றோம்.

வண்டி நின்றது 1998இல். அப்பாவின் கண்பார்வை குறைந்ததும் அவரே சாவியை ஆணியில் மாட்டிவிட்டார். பின்கட்டில் நின்ற வண்டியைக் கடற்காற்று அமைதியாகத் தின்றது. 2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய தானே புயலில் அதன்மேலிருந்த கூரை பறந்தது. 2015 வெள்ளத்தில் சக்கரங்கள் மூழ்கின. அப்பா மறைந்தபின் நாங்கள் கைவைத்தபோது கால்வைக்கும் தகடு, விரலால் அழுத்தினால் அப்பளம்போல் நொறுங்கியது. வெஸ்பாவாக இருந்திருந்தால் அத்துடன் கதை முடிந்திருக்கும்; அதில் தகடு போனால் எலும்பே போனதுபோல. இங்கோ போர்வை போனாலும் குழாய் நின்றது. போல்ட்டுகளைக் கழற்றி, தகடுகளை ஒவ்வொன்றாக ஏடு பிரிப்பதுபோல் பிரித்து வைத்தோம். பரங்கிப்பேட்டையில் ஆங்கிலேயர் ஒருவர் 1830களில் இரும்பாலை நடத்திய கரை இது. இரும்பை ஆக்கவும் அரிக்கவும் தெரிந்த கடல் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டோம்.

இன்ஜின் 148 சி.சி., இரண்டு ஸ்ட்ரோக், காற்றால் குளிர்வது. முதலில் அதை ஒரு பட்டறையில் ஒப்படைத்தோம். சிலிண்டரை போர் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுத் தந்தார்கள். புதுவண்டி போல் முழங்கிற்று. ஆலப்பாக்கம் தாண்டியதும் பிஸ்டன் பிடித்துப் பின்சக்கரம் அப்படியே நின்றது. பின்னால் வந்த பேருந்து ஓட்டுநர் கவனமாக இருந்ததால் இக்கட்டுரை எழுதப்படுகிறது. பிறகு சிதம்பரத்தில், பழைய ஸ்கூட்டர்களோடே முதுமையடைந்த மெக்கானிக் ஒருவரிடம் போனோம். பிரித்துப் பார்த்து, பழைய ஆயில் சீலையே திரும்பப் போட்டிருப்பதை எடுத்துக் காட்டினார். “சார், ரெண்டு ஸ்ட்ரோக் வண்டி மூச்சுல ஓடுறது. எங்க காத்து வாங்குதுன்னு மொதல்ல பாக்கணும். பெயிண்டெல்லாம் அப்புறம்” என்றார்.

அவர் விளக்கியது இது. இவ்வகை இன்ஜினில் பெட்ரோலும் ஆயிலும் கலந்த ஆவி, கிராங்க் இருக்கும் அறை வழியாகத்தான் சிலிண்டருக்கு ஏறுகிறது. மசகும் அதுவே, எரிபொருளும் அதுவே. சீல் தேய்ந்து வெளிக்காற்று நுழைந்தால் கலவை நீர்த்துப்போகும், சூடு ஏறும், பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பற்றிக்கொள்ளும். இன்னொன்றும் சொன்னார். இப்போதைய பெட்ரோலில் ஐந்திலொரு பங்கு எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். அந்நாளைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். ஆகவே சீல், பெட்ரோல் குழாய், கார்பரேட்டரின் ரப்பர்கள் எல்லாம் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாறின. நெல்லிக்குப்பத்தில் 1842 முதல் சர்க்கரை ஆலை கண்ட மாவட்டத்தில், கரும்பின் வழி வந்த சாராயத்துக்கு இத்தாலிய வண்டியைப் பழக்கவேண்டியிருந்தது.

இது செப்பனிடலா, மாற்றமா? எங்களால் கோடு கிழிக்க இயலவில்லை. பிளாட்டினம் பாயிண்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தோம். விளக்குக்குப் பன்னிரண்டு வோல்ட் கொடுத்தோம். பழைய முகவிளக்கின் மஞ்சள் ஒளியில் புதுச்சத்திரம் சாலையில் இரவில் எதிரே வரும் மாட்டுவண்டி தெரியாது. ஆனால் பெரிய சிலிண்டர் மாட்டி வேகம் கூட்டலாம் என்ற யோசனையை ஏற்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தயாரிப்பாளரின் அளவுகளை மீறிய மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சட்டம் ஒருபுறம் இருக்க, அந்த பிரேக்குக்கு அந்த வேகம் பொருந்தாது. உண்மையில் மாற்றம் என்பது மிலானுக்கே அந்நியமன்று. 1962இலேயே தங்கள் 175 சி.சி. வண்டியின் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வைத்தவர்கள் அவர்கள். மூலமே தன்னைத் திருத்திக்கொண்டே வந்திருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சிய சிக்கல் ஒரு சாண் இரும்பு. ஸ்டியரிங் குழாய்க்குக் கீழே, சட்டத்தின்மேல் வெல்டிங் வைத்த கொக்கி ஒன்று இருக்கிறது. எங்களை முன்னால் உட்காரவைக்கச் சிறு இருக்கை வேண்டும் என்று அப்பா முதுநகர்க் கொல்லரிடம் சொல்லிச் செய்தது. முதலில் மூத்தவர், பிறகு இளையவர் என்று அந்த இருக்கையில்தான் உலகம் பார்த்தோம். அப்பாவின் முகவாய் தலையில் இடிக்கும். இருக்கை தொலைந்துபோயிற்று, கொக்கி மட்டும் இருக்கிறது. வெல்டிங் அழகாயில்லை. டின்கரிங் செய்தவர் அதைத் தேய்த்து எடுத்துவிடலாம் என்றார்.

எடுத்துவிடுவதற்குக் காரணமும் இருந்தது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென விதி வகுத்தது. ஐம்பது ஆண்டு கடந்த வண்டி, சட்டம், உடல், இன்ஜின் ஆகியவற்றில் பெருமாற்றமின்றி மூல வடிவில் இருந்தால் ‘விஏ’ என்னும் தனி வரிசையில் எண் பெறலாம். எங்கள் வண்டிக்கு 2028இல் ஐம்பது நிறையும். அந்த எண் கிடைத்தால் மதிப்பு உயரும். ஆனால் அப்பாவின் கொக்கி சட்டத்தில் செய்த மாற்றம். மேலும், அந்த வரிசையில் சேர்ந்த வண்டியை அன்றாடம் ஓட்டவும் கூடாது; கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கே வெளியே எடுக்கலாம்.

தம்பி அறுக்கலாம் என்றார், அண்ணன் கூடாதென்றார். சில வாரங்கள் வண்டியைப் பற்றிப் பேசாமலே வண்டி வேலை நடந்தது. கடைசியில் தீர்ப்பைச் சொன்னது அம்மா: “அதுல ஒக்காந்து பள்ளிக்கூடம் போனது நீங்கதானடா? மிலானா போச்சு?”

உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது முதல் நமக்குக் கற்றுத்தந்த நெறி ஒன்றுண்டு. பொருந்திய பாடத்தை மேலே வை; வேறுபட்ட பாடத்தைக் கீழே குறி; எதையும் மறைக்காதே. மூலம் என்பது ஒரே ஒரு நாளில் உறைந்து நின்றதன்று என்பதை அறிந்தவரின் பணிவு அது. நாங்களும் அந்நெறியையே கைக்கொண்டோம். கழற்றிய பிளாட்டினம் பாயிண்ட், பழைய விளக்கு, தேய்ந்த பிஸ்டன் எல்லாம் ஒரு மரப்பெட்டியில் பெயர் எழுதி இருக்கின்றன. எது, எப்போது, ஏன் மாறியது என்பது ஒரு குறிப்பேட்டில் இருக்கிறது. மிலான், லக்னோ, கடலூர் முதுநகர் என மூன்று பாடங்களும் அதில் உண்டு.

கொக்கிக்குத் துருநீக்கிப் பூச்சு மட்டும் அடித்தோம். நிலுவையைக் கட்டி வழக்கமான பதிவைப் புதுப்பித்துக்கொண்டோம். லிட்டருக்கு நாற்பது மில்லி ஆயில் கலந்து, வாரம் ஒருமுறை கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ஓட்டுகிறோம். காய்கறிப் பையை அந்தக் கொக்கியில் மாட்டினால் கச்சிதமாக நிற்கிறது.