பெட்ராபோல்: இரு நாடுகளின் வாசலில் லாரி வரிசை

கொல்கத்தாவிலிருந்து வங்கதேச எல்லையிலுள்ள பெட்ராபோல் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். ஜெசோர் சாலையில் பராசத், ஹாப்ரா தாண்டிப் போக வேண்டும். இருபுறமும் முதிய தூங்குமூஞ்சி மரங்கள் கிளை கோத்துச் சாலைக்குப் பந்தலிட்டிருக்கின்றன. 1971 வங்கதேசப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் நடந்து வந்த பாதை இது. மேம்பாலங்களுக்காக இங்கே 300க்கும் மேற்பட்ட மரங்களை வெட்டும் திட்டம் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆனால் 2023 டிசம்பரில் நான் அங்கே போய்ப் பார்த்தபோது ஒன்று தெளிவானது. லாரிகள் தேங்குவது சாலையின் குறுகலால் மட்டுமல்ல. உண்மையான முடிச்சு எல்லை வாசலில் இருக்கிறது.

பங்காவ் ஊரை நெருங்கும்போதே லாரிகள் வரிசை கட்டி நிற்கத் தொடங்குகின்றன. அங்குள்ள லாரி நிறுத்துமிடத்தில் தமிழ் எழுத்தைப் பார்த்து நின்றேன். நாமக்கல் வண்டி. பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து, காற்றுக்குத் தகரம் மறைத்து, சின்ன கேஸ் அடுப்பில் ரசம் வைத்துக்கொண்டிருந்தார் டிரைவர். திண்டுக்கல் பக்கத்து மில்லிலிருந்து நூல் லோடு.

“எத்தனை நாளாச்சுங்க அண்ணே?” என்று கேட்டேன்.

“இங்க வர்ற வரைக்கும் வண்டி ஓடுச்சுங்க. வந்தப்புறம் நாள்தான் ஓடும். முன்னெல்லாம் எப்பக் கூப்பிடுவாங்கன்னே தெரியாது, வண்டிய விட்டு நகர முடியாது. இப்பத் தேதி கையில இருக்குது. இன்ன நாள் திரும்பறேன்னு வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்ல முடியுது.”

அவர் சொன்ன மாற்றத்துக்குக் காரணம், மேற்கு வங்க அரசு 2022இல் கொண்டுவந்த ‘சுவிதா’ இணையப் பதிவுமுறை. எந்த வண்டி எந்த நாளில் எல்லை தாண்டும் என்பது முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. லாரி சும்மா நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஹால்டிங் பணம் கட்டும் ஏற்றுமதியாளருக்கும் இது பெரிய நிம்மதி.

வாசலுக்கு அருகில் போனால் இன்னொன்று புரிகிறது. வங்கதேசத்தில் கடிகாரம் நம்மைவிட அரை மணி முந்தி ஓடுகிறது. இங்கே ஞாயிறு விடுமுறை, அங்கே வெள்ளி. ஒரு பக்கம் வேலை நடக்கும்போது மறுபக்கம் கதவு சாத்தியிருந்தால் எவ்வளவு பெரிய வளாகம் கட்டியும் பயனில்லை. 2016 ஜூலையில் பெட்ராபோல் ஒருங்கிணைந்த சோதனைச் சாவடியை இரு நாட்டுப் பிரதமர்களும் காணொளி வழியாகச் சேர்ந்து திறந்துவைத்தார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் 24 மணி நேரச் சரக்குப் போக்குவரத்து தொடங்கியது. 2020இல் கொரோனாவால் லாரிகள் முடங்கியபோது ரயில்வேக்கள் கைகொடுத்தன. அந்த ஜூலையில் குண்டூர் பகுதியின் ரெட்டிபாலத்திலிருந்து காய்ந்த மிளகாய் ஏற்றிய பார்சல் ரயில் எல்லை தாண்டி, வங்கதேசப் பக்கமுள்ள பேனாபோல் சேர்ந்தது. 2024 அக்டோபரில் சரக்குக்கென்றே ‘மைத்ரி துவார்’ என்ற புதிய வாசல் திறக்கப்பட்டது. இவற்றில் எதையும் ஒரு நாடு தனியாகச் செய்து பயன் கண்டிருக்க முடியாது.

பாக்கி வேலை இன்னும் பெரிது. இந்திய லாரி ‘கார் பாஸ்’ என்ற அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு பேனாபோல் கிடங்குவரைதான் போகலாம். அங்கே மூட்டைகளை இறக்கி, வங்கதேச வண்டியில் மாற்றி ஏற்ற வேண்டும். இறக்க இடமில்லை என்றால் இந்தப் பக்கத்து வரிசை அப்படியே உறைந்துவிடும். லாரிகள் நேராக ஊர் போய்ச் சேர வழி செய்யும் வாகன ஒப்பந்தத்தில் வங்கதேசம், பூட்டான், இந்தியா, நேபாளம் ஆகிய 4 நாடுகளும் 2015 ஜூன் 15 அன்று திம்புவில் கையெழுத்திட்டன. பூட்டான் மேலவை ஒப்புதல் தரவில்லை. மற்ற மூன்று நாடுகளிடையேயும் நடைமுறை இழுத்துக்கொண்டே போகிறது. இந்த எல்லையைக் கடக்கப் பல நாள் ஆகிறது என்றும், இதே அளவு போக்குவரத்துள்ள கிழக்கு ஆப்பிரிக்க எல்லைகளில் 6 மணி நேரத்துக்குள் வேலை முடிகிறது என்றும் உலக வங்கி 2021இல் சுட்டிக்காட்டியது. கென்யா–உகாண்டா எல்லையின் புசியாவில் லாரி ஒரே இடத்தில் நின்றால் போதும்; இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே வளாகத்தில் அமர்ந்து தாள்களைப் பார்த்துவிடுகிறார்கள்.

இரு நாடுகளுக்கும் இடையிலான நம்பிக்கை குலைந்தால் என்ன ஆகும் என்பதை 2025 காட்டியது. ஏப்ரலில் வங்கதேசம் தரைவழி நூல் இறக்குமதியை நிறுத்தியது. மே மாதம் இந்தியா, வங்கதேச ஆயத்த ஆடைகள் தரைவழியே வருவதைத் தடுத்தது. நான் பார்த்த நூல் லோடு போன்றவை கடல்வழி தேட வேண்டியதாயிற்று.

அரசுகளுக்குள் மனத்தாங்கல் வரலாம், போகலாம். ஆனால் கிளம்பிவிட்ட லோடுக்கு நடுவழியில் விதி மாறக் கூடாது. ஒரு பக்கம் செய்த பரிசோதனையை மறுபக்கம் ஏற்க வேண்டும். தடை விதிப்பதானால் போதிய அவகாசம் தர வேண்டும். இவற்றை டெல்லியும் டாக்காவும் எழுத்தில் உறுதி செய்தால், புதிதாக ஒரு மரத்தைக்கூட வெட்டாமல் அந்த வரிசையைப் பாதியாவது குறைக்கலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.