பதினேழு குண்டுகளும் குறி தவறிய ஒரு குண்டும்

‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் கிரிகோரி பெக்கைத்தான் சொல்வார்கள். வெளிர் நிற சூட், மூக்குக் கண்ணாடி, அதட்டாத குரல். அவர் நடித்த வக்கீல் அட்டிகஸ் ஃபிஞ்சை, ஹாலிவுட்டின் தலைசிறந்த நாயகனாக அமெரிக்கத் திரைப்படக் கழகம் 2003இல் தேர்ந்தெடுத்தது. எனக்கும் அவரை மிகவும் பிடிக்கும். ஆனால் 1962இல் வந்த இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது பிராக் பீட்டர்ஸுக்காக.

பொருளாதார மந்தக் காலத்து அலபாமா. வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாகப் பழி சுமத்தப்பட்ட கறுப்பினத் தொழிலாளி டாம் ராபின்சனாக பீட்டர்ஸ் சாட்சிக் கூண்டில் உட்கார்ந்திருக்கிறார். அட்டிகஸ் ஒரு கண்ணாடி டம்ளரை அவரிடம் தூக்கிப் போடுகிறார். வலக்கையால் பிடித்துவிடுகிறார். இடக்கையால் முடியவில்லை. பன்னிரண்டு வயதில் பருத்தி ஜின்னிங் மெஷினில் சிக்கி வீணாய்ப்போன கை அது. அந்தப் பெண்ணுக்கோ முகத்தின் வலப்பக்கம் காயம். அவளுடைய அப்பா இடக்கைக்காரர் என்பதைக் கையெழுத்துப் போடச் சொல்லி அட்டிகஸ் ஏற்கெனவே காட்டிவிட்டார். நியாயம் இருந்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. காசு வாங்காமல் அந்தப் பெண்ணுக்கு ஏன் வேலை செய்துகொடுத்தாய் என்று அரசு வக்கீல் குடைகிறார். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்று டாம் சொல்லிவிடுகிறார். உண்மையான பதில்தான். ஆனால் ஒரு கறுப்பர் வெள்ளைக்காரி மேல் இரக்கப்படுவதா? அந்தச் சபையில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. வாய்விட்ட மறுகணமே பீட்டர்ஸின் முகத்தில் அது தெரிகிறது. கண் கலங்கி, தொண்டை அடைத்து, நெற்றி வியர்த்து அவர் உட்கார்ந்திருக்கும் விதத்தில், பன்னிரண்டு வெள்ளைக்கார ஜூரிகள் வாய் திறக்கும் முன்பே தீர்ப்பை நான் படித்துவிடுகிறேன். எட்டு ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்ற படம் இது. அந்த எட்டில் பீட்டர்ஸின் பெயர் இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை.

தீர்ப்புக்குப் பிறகு, மாடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த கறுப்பின மக்கள் அட்டிகஸுக்கு மரியாதை செய்ய எழுந்து நிற்கிறார்கள். புகழ்பெற்ற காட்சி, நானும் கண் கலங்கியவன்தான். ஆனால் அதற்குள் டாமை அழைத்துப் போயிருப்பார்கள். அதன்பிறகு படத்தில் அவரை நாம் பார்ப்பதேயில்லை. வேறு ஊர்ச் சிறைக்குக் கொண்டுபோகும் வழியில் தப்பி ஓடினார், காயப்படுத்தத்தான் போலீஸ்காரர் சுட்டார், குறி தவறி உயிர் போய்விட்டது என்று அட்டிகஸ் வந்து சொல்கிறார். ஒரே ஒரு குண்டு. அதுவும் கைப்பிசகு.

1960இல் வெளியான ஹார்ப்பர் லீயின் மூல நாவலில் இப்படி இல்லை. அங்கே டாம் சிறை வேலியில் ஏறித் தப்பப் பார்க்கிறார். காவலர்கள் சுடுகிறார்கள். உடம்பில் பதினேழு குண்டுத் துளைகள். இரண்டு கையும் ஒழுங்காக இருந்திருந்தால் தாண்டியிருப்பார் என்பதையும் லீ எழுதத் தவறவில்லை. பதினேழு முறை கை பிசகாது. ஹார்ட்டன் ஃபுட் எழுதிய திரைக்கதை ஆஸ்கர் வாங்கியது. பெரும்பாலும் தகுதியான பரிசு. இந்த ஓர் இடத்தில் மட்டும் அது கொலையை விபத்தாக்கிவிட்டது.

இன்னோர் இழப்பும் உண்டு. நாவலில் வீட்டு வேலை செய்யும் கல்பர்னியா, அட்டிகஸின் பிள்ளைகளைத் தன் தேவாலயத்துக்குக் கூட்டிப்போகிறார். டாமின் மனைவி ஹெலனுக்குப் பத்து டாலர் சேரும்வரை யாரும் வெளியே போகக்கூடாது என்று போதகர் சைக்ஸ் கதவைச் சாத்தச் சொல்கிறார். ஏழைகள் சில்லறை சில்லறையாகக் கொடுத்து அந்தத் தொகையை நிரப்புகிறார்கள். தங்கள் மனிதருக்காகத் தாங்களே நின்ற ஜனங்கள் அவர்கள். படத்தில் இந்தக் காட்சி இல்லை.

பெக் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் வாங்கியது 1963 ஏப்ரல் 8 அன்று. அதே அலபாமாவின் பர்மிங்ஹாமில் கறுப்பின மக்களின் போராட்டம் ஏப்ரல் 3இல்தான் தொடங்கியிருந்தது. ஏப்ரல் 12இல் மார்ட்டின் லூதர் கிங் கைதானார். மேடையில் வக்கீலுக்குக் கைதட்டல், தெருவில் டாம் ராபின்சன்களுக்கு விலங்கு.

இதெல்லாம் பழங்கதையும் அல்ல. படத்தின் நீதிமன்ற அரங்கம், லீயின் சொந்த ஊரான மன்ரோவில் நீதிமன்றத்தை அளந்து பார்த்து அமைக்கப்பட்டது. அதே ஊரில் நடந்த ஒரு கொலைக்காக வால்டர் மெக்மிலியன் என்ற கறுப்பினத்தவர் 1987இல் கைது செய்யப்பட்டார். கொலை நடந்த நேரத்தில் அவர் வீட்டில் தேவாலயத்துக்காக மீன் வறுத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். கூட இருந்தவர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். கறுப்பர்களின் சாட்சி எடுபடவில்லை. மரண தண்டனை. வழக்கறிஞர் பிரையன் ஸ்டீவன்சன் போராடி 1993இல் மீட்டார்.

பெக் 2003இல் மறைந்தபோது இரங்கல் உரை ஆற்றியவர் பிராக் பீட்டர்ஸ். அந்த நட்பை மதிக்கிறேன், அட்டிகஸையும் மதிக்கிறேன். படத்தை அவசியம் பாருங்கள்; வீட்டுப் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். முடிந்த கையோடு நாவலை எடுத்து 12ஆம் அத்தியாயத்தையும் 24ஆம் அத்தியாயத்தையும் படித்துவிடுங்கள். தேவாலயம் முன்னதில் இருக்கிறது, பதினேழு குண்டுகள் பின்னதில் இருக்கின்றன.