செருகிகளின் பிணக்கு

சென்ற ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய நாட்களில் எமக்கு நேர்ந்த ஒரு சங்கடத்தையும், அதில் யாம் ஒரு நண்பருக்கு இழைத்த அநீதியையும் ஈண்டு எழுதப் புகுகின்றோம். தமிழ்ப் பகுதியில் இணையதளச் செய்தி எதற்கு என்று எம் ஆசிரியர்கள் முகஞ் சுளியாதிருப்பாராக. இலக்கண வகுப்பிற் கற்ற ஒன்றைத் தக்க வேளையில் நினையாமற் போனதே எம் பிழைக்குக் காரணமாதலின், இது முற்றிலும் வேறு துறைச் செய்தியன்று.

எம் சிற்றப்பா ஆம்பூரில் வாழ்பவர். இருபது ஆண்டுகள் ஒரு காலணித் தொழிற்சாலையில் தோல் வெட்டும் பிரிவில் உழைத்துப் பின் விலகி, தம் வீட்டு மாடியில் நான்கு பெண்களை வைத்துக்கொண்டு பெல்ட்டும் பர்ஸும் செருப்பும் தைக்கும் சிறு பட்டறை ஒன்றைத் தொடங்கினார். ஆம்பூரில் தைத்த காலணிகள் கப்பலேறி ஐரோப்பியக் கடைகளைப் போய்ச் சேர்கின்றன. சிற்றப்பாவின் செருப்புகளோ ஊர்ப் பேருந்து நிலையத்தைத் தாண்டவே வழியறியாது கிடந்தன. அதற்காக மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் இணையதளம் அமைக்கப்பெற்றது. அதைப் பராமரிக்கும் பொறுப்பு, வீட்டில் ஆங்கிலம் தடையின்றி வாசிக்கும் பிள்ளை என்ற ஒரே தகுதியால் எம் தலையில் விழுந்தது. நாளொன்றுக்கு ஐந்தாறு ஆர்டர்கள் வரும். டிசம்பர் மாதத்தில் பன்னிரண்டு, பதினைந்து என உயரும். அந்த நான்கு பெண்களுக்கும் பண்டிகைக்கு முன் கொடுக்கும் பணம் அந்த ஒரு மாதத்து விற்பனையிலிருந்தே எடுக்கப்படுவதாகும்.

செருகி என்பது யாதென அறியாத நேயர்களுக்குச் சில சொற்கள். உலகில் மிகப் பல இணையதளங்கள் வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளின்மேல் அமைந்தவை. மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்னும் இருவர் 2003-ஆம் ஆண்டு அதனை வெளியிட்டனர். அது வெறும் வீடு போன்றது. அவ்வீட்டுக்கு விளக்கு, குழாய், பூட்டு ஆகியவற்றை வேறு வேறு கைகள் செய்து தருவது போல, கடை நடத்த ஒன்று, பணம் வாங்க ஒன்று, படங்களைச் சுருக்க ஒன்று என்று பலரும் எழுதித் தரும் துணை நிரல்களே பிளகின் எனப்படும் செருகிகள். 2004-ஆம் ஆண்டு முதல் இவ்வசதி உண்டு. வேர்ட்பிரஸின் பொதுப் பட்டியலில் விலையின்றிக் கிடைப்பன மட்டும் 59,000-க்கு மேற்பட்டவை. அவற்றை இரண்டிரண்டாக இணைத்து எண்ணினால் 170 கோடி இணைகளுக்கு மேல் வரும். இத்தனை இணைகளையும் ஒருவர் சோதித்துப் பார்த்து, இஃது அதனோடு ஒத்துப்போம், இஃது ஒத்துப்போகாது என்று சான்று வழங்குதல் இயலுமோ? எழுதியவர் தம் செருகியைத் தம்மிடத்துள்ள சிலவற்றோடு சோதித்து வெளியிடுவர். மற்றவை வாங்குவோர் பாடு. எம் தளத்தில் இருந்தவை 14.

நிற்க. டிசம்பர் முதல் நாளிலிருந்து ஆர்டர்கள் வரவில்லை. வியாபாரம் மந்தமென்று சிற்றப்பா எண்ணினார். யாம் நாள்தோறும் தளத்தைத் திறந்து பார்த்தோம். யாவும் செவ்வனே இருந்தன. ஒன்பதாம் நாள் கோயம்புத்தூரிலிருந்து பழைய வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, முகவரியெல்லாம் எழுதி முடித்த பின்னரும் ஆர்டர் பொத்தான் அசையவேயில்லை என்றும், மூன்று நாளாக முயல்வதாகவும் கூறினார். யாம் மீண்டும் பார்த்தோம். எமக்குப் பொத்தான் நன்றாக வேலை செய்தது. சற்று யோசித்த பின்னரே காரணம் விளங்கிற்று. யாம் எப்போதும் நிர்வாகியாக உள்நுழைந்தே தளத்தைக் காண்கின்றோம். உள்நுழையாமல், விருந்தினர் காண்பது போல இன்காக்னிட்டோ சாளரத்தில் திறந்தவுடன், பொத்தான் சாம்பல் நிறத்திற் செத்துக் கிடந்தது. ஒன்பது நாட்களாக வீட்டுக்காரருக்கு மட்டும் திறந்திருந்த கடை அது.

அன்றிரவே சோதனையிற் புகுந்தோம். இத்தகைய வேளையிற் பயன்படுமாறு வேர்ட்பிரஸ் குழுவினரே ஹெல்த் செக் என்றொரு செருகியை அளித்துள்ளனர். அதைக் கொண்டு, வருவோர்க்கு இடையூறின்றி, நிர்வாகியின் கண்ணுக்கு மட்டும் செருகிகளை அணைத்துப் பார்க்கலாம். ஆனால் எம் நோயோ நிர்வாகியின் கண்ணுக்கே தோன்றாத நோய். அம்மருந்து எமக்கு உதவவில்லை. ஆதலின் தளத்தின் நகல் ஒன்றை எம் மடிக்கணினியில் எடுத்து வைத்துக்கொண்டோம். (நகலின்றி நேரே கடையிற் கைவைப்போர் விளக்கணைத்துவிட்டு ஊசியைத் தேடுவோரே யாவர்.) அதில் கடைச் செருகி நீங்கலாக மற்றவற்றை அணைத்தோம், பொத்தான் உயிர்த்தது. பின்னர்ப் பட்டியலின் வரிசைப்படி ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் ஒரு பொய் ஆர்டர் எழுதிப் பார்த்தோம். பதின்மூன்று வரை பழுதில்லை. பதினான்காவதை ஏற்றியதும் பொத்தான் மாண்டது.

அப்பதினான்காவது, தளத்தை விரைவாக்கும் செருகி. நவம்பர் இறுதியில் எம் நண்பர் ஒருவர் அதனைச் சேர்த்தார். அவர் நம் கல்லூரியில் கணினி அறிவியல் பயில்பவர். எம் வேண்டுகோளின்பேரில், ஒரு காசும் வாங்காது, பழைய கைபேசிகளிலும் தளம் சட்டென்று திறக்க வேண்டுமென்று இரண்டு மாலைப் பொழுதுகளைச் செலவிட்டவர். யாம் அதையெல்லாம் நினைத்தோமில்லை. இரவு பதினொரு மணிக்கு அவரை அழைத்து, உம் கைவண்ணத்தால் நான்கு குடும்பங்களின் பண்டிகை கெட்டது என்று கூறினோம். இன்னும் சில கூறினோம்; அவற்றை இம்மலரில் அச்சிடுதல் தகாது. அவர் எதிர்வாதம் செய்யவில்லை. நகலை அழித்துவிடாதே, காலையில் வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

காலையில் வந்தவர் தேநீரும் அருந்தாமல் மடிக்கணினியை வாங்கி எல்லாவற்றையும் மீண்டும் அணைத்தார். பின்னர் எம் வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் தம் விரைவுச் செருகியை ஏற்றினார். பொத்தான் வேலை செய்தது. அடுத்தடுத்து ஏற்றிக்கொண்டே போனார்; வேலை செய்துகொண்டேயிருந்தது. ஆறாவதை ஏற்றினார், மாண்டது. அவ்வாறாவது யாது? பின்கோட்டின் ஆறு இலக்கங்களை எழுதியதும் ஊர்ப் பெயரையும் அஞ்சற் கட்டணத்தையும் தானே நிரப்பும் செருகி. அதனைத் தேடித் தெரிந்து, சேர்த்து, சிற்றப்பாவிடம் பாராட்டும் பெற்றவர் யாமே.

“உன் வரிசைப்படி நான் குற்றவாளி, என் வரிசைப்படி நீ” என்றார் நண்பர். எமக்கு வாய் எழவில்லை.

ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்க்கும் முறை எல்லோரும் கைக்கொள்வதே, அதிற் பிழையில்லை. ஆனால் அம்முறை காட்டுவது இறுதியாக வந்து சேர்ந்தது எது என்பதை மட்டுமே. குற்றம் எதனுடையது என்பதை அன்று. பலர் கூறும் மற்றொரு முறை, பட்டியலைப் பாதியாக்கி எப்பாதியில் நோயுள்ளதெனத் தேடுவது. நோய் ஒன்றனுள் இருப்பின் அது மிக விரைவில் அகப்படும். எம் தளத்திற்போல இரண்டின் நடுவே இருப்பின், அவ்விரண்டும் வேறு வேறு பாதியில் விழுந்தால் இரு பாதியும் நலமென்றே தோன்றித் தேடுவோரை மயக்கும். பதினான்கு செருகிகளுக்கு 91 இணைகள் உண்டு என்று நண்பர் கணக்கிட்டுக் காட்டினார். ஆதலால் ஒன்று அகப்பட்டதும் நில்லாமல், அதனை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அணைத்து, அஃது எதனோடு சேர்ந்தாற் கெடுகிறது என்று காண்பதே முடிந்த சோதனை. அவ்விரண்டாம் பாதிச் சோதனையை யாம் செய்யவில்லை. கோபம் வந்தவுடன் சோதனை முடிந்ததாக எண்ணிவிட்டோம்.

இனி, அவ்விரண்டும் ஏன் பிணங்கின? ஜேக்வெரி என்பது ஜான் ரெசிக் என்பவர் 2006-ஆம் ஆண்டு வெளியிட்ட பொது நிரல். பல செருகிகள் தம் வேலைக்கு அதனையே நம்பியுள்ளன. விரைவுச் செருகி, பக்கத்தின் எழுத்தும் படமும் முதலிற் கண்ணுக்குத் தெரியட்டும் என்று, ஜேக்வெரி உள்ளிட்ட நிரற்கோப்புகளைச் சற்றுத் தாமதித்து ஓடச் செய்கிறது. இது நல்ல நோக்கமே. மற்றச் செருகிகளின் நிரல்களும் தனிக் கோப்புகளாயிருந்தமையால், அவையும் வரிசை பிறழாமல் ஜேக்வெரியின் பின்னே வந்தன. பின்கோட்டுச் செருகியின் நிரலோ பக்கத்தின் நடுவிலேயே எழுதப்பட்டிருந்தது. அதனை யாரும் தாமதிக்கவில்லை. ஆசிரியர் வகுப்பினுள் நுழையுமுன்னரே எழுந்து விடை கூறப் புகுந்த மாணவனைப் போல, அது ஜேக்வெரியை அழைத்தது, அப்பெயருடையது அங்கு இல்லை, அவ்விடத்திலேயே நின்றுபோயிற்று. சரியான பின்கோடு கிடைக்கும்வரை பொத்தானைப் பூட்டி வைப்பதும், கிடைத்ததும் திறப்பதும் அச்செருகியின் வேலை. பூட்டும் பகுதி நடந்துவிட்டது. திறக்கும் பகுதி நின்றுபோயிற்று. உள்நுழைந்த நிர்வாகிக்கு விரைவுச் செருகி எதனையும் தாமதிப்பதில்லையாதலால், எமக்கு மட்டும் எல்லாம் நன்றாகத் தெரிந்தது.

இவ்வகைப் பிணக்கு அன்றி வேறு வகையும் உண்டு. இரு செருகிகள் ஒரே பெயரில் இரு செயற்கூறுகளை வைத்திருந்தால், தளம் முழுதுமே வெண்திரையாகி நின்றுவிடும். அதற்கு அஞ்சியே எழுதுவோர் ஒவ்வொரு பெயருக்கும் முன் தம் செருகியின் அடையாளமாகச் சில எழுத்துகளைச் சேர்ப்பர். எம் விடுதியில் மூன்று டேனியல்களும் நான்கு சாமுவேல்களும் உண்டு; தலைப்பெழுத்தில்லாவிடில் மணியார்டரும் கடிதமும் யாரிடம் போகும்? ஜேக்வெரியிலேயே ‘நோ கான்ஃபிளிக்ட்’, அதாவது பிணக்கின்மை, என்னும் பெயரால் ஓர் ஏற்பாடு உண்டு. டாலர் குறியைத் தன் சுருக்கப் பெயராக ஆண்டு வந்த அது, அக்குறியை வேறொரு நிரல் வேண்டினால் விட்டுக்கொடுப்பதற்காக ஏற்பட்டது. வெண்திரை போன்ற பெரும் பழுது நேர்ந்தால், 2019-ஆம் ஆண்டு மே மாதத்து 5.2 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் தானே நிர்வாகிக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடும். எம் பழுதோ தளத்தில் நேராமல், வாங்க வந்தவருடைய கைபேசியில் நேர்ந்தது. அதற்கு அஞ்சல் எழுதுவார் எவருமிலர்.

பெரியோர்களும் இதற்கு விலக்கல்லர். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த 5.5 பதிப்பில், பழைய நிரல்களுக்குப் பாலமாயிருந்த ஜேக்வெரி மைக்ரேட் என்னும் துணை நிரல் நீக்கப்பட்டது. பற்பல நாடுகளிலும் பழைய செருகிகளை நம்பியிருந்த தளங்களில் பட்டியல் திறவாமலும் படம் நகராமலும் போயின. பாலத்தை மீண்டும் இடுவதற்கென்றே தனியொரு செருகியை வெளியிட நேர்ந்தது. பாலத்தின்மேல் நடக்கிறோம் என்பதை அப்பழைய செருகிகளை வைத்திருந்தோரிற் பலர் அன்றே அறிந்தனர்.

இவையெல்லாம் நண்பர் கூறக் கேட்டுக்கொண்டிருந்தபோது எம் உள்ளத்தில் நன்னூல் வந்து நின்றது. நிலைமொழி குற்றமற்றது, வருமொழியும் குற்றமற்றது. மரம் என்பது சரி, வேர் என்பது சரி. சேருங்கால் மகரம் கெட்டு மரவேர் ஆகின்றது. கெடுத்தது மரமா வேரா என்று எந்தத் தமிழாசிரியரும் எம்மை வினவியதில்லை. இரண்டும் சேருமிடத்தில் நிகழ்வது யாது என்றே வினவுவர். தோன்றல், திரிதல், கெடுதல் என்று இரண்டாண்டுகள் மனப்பாடம் செய்த யாம், நள்ளிரவில் ஒரு நண்பரின் பெயரைக் குற்றப் பட்டியலில் எழுத அரைநொடியும் தயங்கவில்லை.

சிற்றப்பாவுக்கு இதனைச் சொல்லி விளக்க யாம் பெரிதும் இடர்ப்படுவோமென்று அஞ்சினோம். அவரோ பாதியிலேயே புரிந்துகொண்டார். “ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் ஈரமாயிருக்கும்போது இரும்பு பட்டால் கருங்கறை விழும், தம்பி. பட்டையும் நல்லது, இரும்பும் நல்லது. அதனால்தான் ஈரத்தோல் பக்கம் இரும்பு ஆணியும் தகரமும் வரவிடமாட்டார்கள்” என்றார். அதே சேர்க்கையைக் கடுக்காயும் அன்னபேதியுமாகக் காய்ச்சித்தான் முன்னோர் எழுதும் மை செய்தனர் என்றும் சொன்னார். பிறகு நண்பரைப் பார்த்து, இவன் இரவில் ஏதாவது பேசினானா என்று வினவினார். நண்பர் இல்லை என்றார். அப்பொய்யை யாம் திருத்தினோம். சிற்றப்பா எம்மை ஒன்றும் கடியவில்லை. அவர் கடிந்திருந்தால் எளிதாயிருந்திருக்கும்.

மருத்துவம் நான்கு நிமிடத்தில் முடிந்தது. ஆர்டர் எழுதும் பக்கத்தை மட்டும் தாமதிக்க வேண்டாம் என்று விரைவுச் செருகியின் விலக்குப் பட்டியலில் நண்பர் சேர்த்தார். பின்கோட்டுச் செருகியின் கோப்பை யாமே திருத்திவிடலாமே என்றோம். அடுத்த புதுப்பிப்பு வரும்போது அத்திருத்தம் அழிந்துபோமென்று தடுத்து, அதை எழுதியவருக்கே இன்ன வரிசையில் இன்னது நேர்கிறது என்று விளக்கிக் கடிதம் எழுதச் செய்தார். எவரையும் குறை கூறாமல் அக்கடிதத்தை எழுதுவதற்கு எமக்கு மூன்று படிகள் தேவைப்பட்டன. ஆறு நாளில் பதில் வந்தது; நிரலைத் தனிக் கோப்பாக்கிப் புதிய பதிப்பு விடுத்திருந்தார்.

அந்த ஒன்பது நாட்களில் எத்தனை பேர் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டுப் போயினர் என்பது எங்கும் பதிவாகவில்லை. நான்கு பெண்களுக்கும் சிற்றப்பா வழக்கமான தொகையையே கொடுத்தார். அதற்காகத் தைப்பு இயந்திரம் ஒன்று வாங்கச் சேர்த்து வைத்ததிலிருந்து எடுத்தார் என்பதைச் சித்தி சொல்லி அறிந்தோம். இயந்திரம் இன்னும் வாங்கப்படவில்லை.

நண்பரிடம் மன்னிப்புக் கேட்டது கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை, ஆலயத்துக்குப் போகுமுன். தொலைபேசியில் கேட்க மனம் ஒப்பாமல் அவர் ஊராகிய குடியாத்தத்துக்கே பேருந்தேறினோம். அவர் அதைப்பற்றி அதிகம் பேசவிடவில்லை. எந்தச் செருகியை எந்த நாள் யார் சேர்த்தார், எதனோடு சோதித்தார் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்குமாறு மட்டும் கேட்டுக்கொண்டார். இப்போது சிற்றப்பாவின் மேசையில், தோலின் கனமும் விலையும் எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் அது எழுதப்பட்டு வருகிறது. முதல் வரியில் எம் பெயரும் பின்கோட்டுச் செருகியின் பெயரும் உள்ளன.