23 மணி நேர வேலைக்கு ஒரு கோட்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளைக்குப் பெட்டி கட்டுவது இப்போதெல்லாம் கிட்டத்தட்ட சீர்வரிசை மாதிரி ஆகிவிட்டது. குக்கர், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு குளிர்காலக் கோட். 2024 ஆகஸ்ட் கடைசியில் டொரன்டோவுக்கு முதுகலை படிக்கக் கிளம்பிய அந்த மதுரைப் பெண்ணின் பெட்டியிலும் இதெல்லாம் இருந்தது. கோட் மட்டும் இரண்டரைக் கிலோ.

அதைத் தேர்ந்தெடுத்தவர் அம்மா. ஜவுளிக்கடை ஏசியிலேயே மகளுக்கு வேர்த்துக் கொட்டியது. "பாத்தியாடி எப்படி வேர்க்குதுன்னு! இதுதான் அந்த ஊருக்குத் தாங்கும்" என்று சொல்லிவிட்டார். இரண்டு அளவு பெரிது. "உள்ள ரெண்டு ஸ்வெட்டர் போட இடம் வேணும்ல?" விலை 6,800 ரூபாய். ஊட்டி, கொடைக்கானலுக்கு மேல் குளிரைப் பார்த்திராத வீட்டில் இதைவிட யோசித்து வாங்க முடியாது.

அக்டோபர் வரை அந்தக் கோட் நன்றாகத்தான் உழைத்தது. நவம்பரில் காற்று அடிக்க ஆரம்பித்ததும் அதன் குட்டு வெளிப்பட்டது. பஸ் ஸ்டாப்பில் பத்து நிமிடம் நின்றால் இடுப்புக்குக் கீழிருந்து காற்று ஏறி, கழுத்து வழியாக வெளியே போகும். எடை இருந்தால் கதகதப்பு இருக்கும் என்பது நம் ஊர்க் கணக்கு. உண்மையில் குளிரைத் தடுப்பது துணியின் கனம் அல்ல, துணிக்குள் அசையாமல் நிற்கிற காற்று. கோட் தொளதொளவென்று இருந்தால் அந்தக் காற்று நிற்காது. இறுக்கமாக இருந்தாலும் உள்ளே இருக்கிற பஞ்சு அமுங்கிப் பலனில்லாமல் போகும்.

அவள் வாடகைக்கு இருந்தது ஸ்கார்பரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில். வீட்டுக்கார ஆன்ட்டி யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளின் கடைசியில் வந்தவர். கோட்டின் கையை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உது காத்துக்குத் தாங்காது பிள்ளை. முதல்ல நல்ல சப்பாத்து ஒண்டு வாங்குங்கோ. கோட்டைப் பிறகு பாப்பம்."

முதலில் ஷூ என்று அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. பனி உருகட்டும் என்று சாலையெங்கும் உப்பைத் தூவுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் தோல் ஷூவை அரித்து வெள்ளைக் கோடு போட்டுவிடும். கால் நனைந்துவிட்டால் மேலே எத்தனை ஆயிரத்துக்குக் கோட் போட்டிருந்தாலும் நடுக்கம் நிற்காது. தண்ணீர் புகாத, வழுக்காத ரப்பர் அடி கொண்ட பூட்ஸ்தான் முதல் செலவு.

அடுத்தது கோட். அவள் மனதில் இருந்தது கொரியன் சீரியல்களில் வருகிற மாதிரி முழங்கால் வரை தொங்கும் ஒட்டக நிறக் கம்பளிக் கோட். கடையில் போட்டுப் பார்த்தாள். கண்ணாடியில் தெரிந்தது வேறு யாரோ ஒரு பெண், அவ்வளவு அழகு! ஆனால் கம்பளிக் கோட்டுக்குத் தொப்பி கிடையாது, நெசவின் வழியே காற்று புகும், ஈரப் பனியில் கனத்துப் போகும். ஐந்து டிகிரிக்கும் மைனஸ் ஐந்துக்கும் நடுவே ராஜா. அதற்குக் கீழே அது வெறும் அழகுதான். டொரன்டோவில் ஜனவரியில் மைனஸ் பத்து சாதாரணம், சில நாள் மைனஸ் இருபதும் தொடும்.

அதனால் முதல் கோட்டாக பார்க்காதான் வாங்க வேண்டியிருந்தது. உள்ளே வாத்தின் மென்தூவி அடைத்தது. 1930-களில் அமெரிக்காவில் எடி பாவர் என்பவர் மீன் பிடிக்கப் போன இடத்தில் கம்பளி உடை நனைந்து உறைந்து உயிர் போகப் பார்த்த பிறகு, 1936-ல் தூவி அடைத்த ஜாக்கெட்டைத் தைத்தார் என்பது இந்த உடையின் பழைய கதை. இன்று சீட்டில் 550, 600, 800 என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். ஒரு அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குலம் உப்பி நிற்கிறது என்பதுதான் அது. டொரன்டோவுக்கு 600 தாராளம். பறவைத் தூவி வேண்டாம் என்பவர்களுக்குச் செயற்கைப் பஞ்சு வைத்ததும் கிடைக்கிறது. கொஞ்சம் கனம் கூடும், ஆனால் நனைந்தாலும் முழுக்கக் கைவிடாது.

கடையில் ஆன்ட்டி பார்த்தது வேறு. நீளம் தொடையைத் தாண்டுகிறதா, மணிக்கட்டில் காற்றை அடைக்கிற எலாஸ்டிக் இருக்கிறதா, ஜிப்புக்கு மேல் மடிப்பு இருக்கிறதா. ஜிப் கீழிருந்தும் திறக்க வேண்டுமாம். பஸ்ஸில் உட்காரும்போதுதான் அதன் அருமை தெரியும். ஆயிரம் டாலருக்கு மேல் போகிற பெயர் பெற்ற கோட்டுகள் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

தேறியது ஒரு கறுப்பு பார்க்கா, 350 டாலர். கனடாவில் விலைச்சீட்டில் வரி சேர்ந்திருக்காது. ஒன்டாரியோவின் 13 சதவீதம் சேர்த்து 395 டாலர் 50 சென்ட். அப்போது அங்கே குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 17 டாலர் 20 சென்ட், கணக்குப் போட்டால் 23 மணி நேர வேலை. வெளிநாட்டு மாணவர்கள் கல்லூரி நடக்கும்போது வெளியே வாரத்துக்கு 24 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். ஒரு வாரச் சம்பளம் அப்படியே கோட்டுக்குப் போய்விட்டது. டிசம்பர் 26-ம் தேதித் தள்ளுபடி வரை பொறுத்தால் என்ன என்று கேட்டாள். "அதுவரைக்கும் ஆர் குளிருறது?" என்றார் ஆன்ட்டி. இரண்டாவது கோட்டுக்குத்தான் தள்ளுபடிக்குக் காத்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

பில்லைப் பார்த்து அன்று இரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் நவம்பர் நடுவிலிருந்து மார்ச் முடிய சுமார் 130 நாள், ஐந்து குளிர்காலம் உழைத்தால் 650 நாள். ஒரு நாளைக்கு 60 சென்ட் சொச்சம், நம் பணத்தில் 36, 37 ரூபாய்.

ஸ்டைலை அவள் விட்டுவிடவில்லை, இடம் மாற்றினாள். பஸ்ஸில் ஏறினால் எல்லாரும் கறுப்புக் கோட்தான். அதற்கு மேல் மஞ்சளில் ஒரு கம்பளி மப்ளர், அதே நிறத்தில் காதை மூடும் தொப்பி. இரண்டும் சேர்ந்து 40 டாலருக்குள். கையுறையில் விரல்கள் தனித்தனியாக இல்லாமல் சேர்ந்திருக்கிற மிட்டன்தான் அதிகக் கதகதப்பு. உள்ளே போட அம்மா கொடுத்துவிட்ட திருப்பூர் பனியன்கள் மட்டும் சரிப்படவில்லை. பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகவே ஒட்டிக்கிடக்கும். ஒட்டக நிறக் கோட் பிப்ரவரியில் பழைய துணிக்கடையில் 45 டாலருக்குக் கிடைத்தது. முக்கால்வாசி கம்பளி, ஒரு பொத்தான் மட்டும் இல்லை.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. வீடியோ காலில் கறுப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு அவரே கேட்டார். "நான் வாங்கிக் குடுத்தது எங்கடி?"

"அது அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும்மா."

"ரெண்டு மாசத்துக்கா 6,800?" கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "இது எவ்வளவு?" என்றார். அவள் டாலரைச் சொல்லாமல் மணி நேரத்தைச் சொன்னாள். "நின்னுக்கிட்டே பாக்குற வேலையா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வருஷம் ஜெர்மனிக்குப் போக இருக்கிற தம்பிக்கு ஒரு ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் போதும், கோட்டுக்கான காசை அவன் கையில் கொடுத்துவிடலாம் என்று அந்த வாரமே வீட்டில் முடிவாகிவிட்டது.

ஏப்ரலில் அவள் பார்க்காவைத் துவைத்தாள். ஈரத்தில் கட்டிக் கட்டியாக ஒட்டிக்கொள்ளும் தூவி மறுபடி உப்புவதற்கு, டிரையரில் கோட்டோடு இரண்டு டென்னிஸ் பந்துகளைப் போட வேண்டும். தடதடவென்று சத்தம் போனிலேயே கேட்டது.

"துணிக்குள்ள எதுக்குடி பந்து?" என்றார் அம்மா.