நாலரை ஏக்கர் நாயகன்!

"இதாண்டா!" என்று காரை ஓரங்கட்டினான் நண்பன்.

எட்டிப் பார்த்தேன். தாழ்வான கல் சுவர். ஒரு கல் சிலுவை. அதற்கு அப்பால் இடுப்பு உயரத்துக்குத் திராட்சைக் கொடிகள். டிக்கெட் கவுன்ட்டர் இல்லை, வாட்ச்மேன் இல்லை. 'ரோட்டிலேயே நின்று பாருங்கள், உள்ளே இறங்காதீர்கள்' என்கிற ரீதியில் ஒரு போர்டு மட்டும்.

"இதைப் பார்க்கவாடா டிஜோன்லேர்ந்து இழுத்துட்டு வந்தே?"

அவன் ஒரு தொகையைச் சொன்னான். இந்தத் தோட்டத்தின் 1945-ம் வருஷத்து சிவப்பு ஒயின், ஒரே ஒரு பாட்டில், 2018-ல் நியூயார்க் ஏலத்தில் 5,58,000 டாலருக்குப் போயிருக்கிறது. அன்றைய மதிப்பில் நாலு கோடி ரூபாய்! சுவர் மேல் வைத்திருந்த கையை மரியாதையாக எடுத்துக்கொண்டேன்.

பிரான்ஸில் பர்கண்டி என்ற வட்டாரம். அதில் வோன்-ரொமானே என்ற சின்னக் கிராமம். தோட்டத்தின் பெயர் ரொமானே-கோன்ட்டி. மொத்தமே 1.8 ஹெக்டேர், அதாவது நாலரை ஏக்கர். வருஷத்துக்கு ஐயாயிரம், ஆறாயிரம் பாட்டில் தேறினால் அதிகம். பக்கத்துத் தோட்டத்துப் பழம் ஒன்றுகூட இதில் சேரக்கூடாது.

பி.காம் மூளை சும்மா இருக்குமா? "பக்கத்துல இருக்கறதும் இதே பழம்தானே?"

"எல்லாமே பினோ நுவார்தான். அதோ, கீழே மெயின் ரோட்டைத் தாண்டினா அங்கேயும் அதான். அந்த பாட்டிலை நீயே வாங்கலாம்."

இந்தப் பினோ நுவார் தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி. வெயில் கூடினாலும் ஆகாது, மழை கூடினாலும் ஆகாது. தோல் மெல்லிசு, சீக்கிரம் அழுகும். துளிர்க்கிற நேரத்தில் பனி விழுந்தால் கருகும். சுண்ணாம்புக் கல் மண், தண்ணீர் தேங்காத சரிவு, காலை வெயில் என்று எல்லாம் கூடிவந்தால்தான் முகம் மலரும். எந்தத் துண்டு நிலத்தில் அது மலர்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பிரித்தவர்களில் மடத்துத் துறவிகள் முக்கியமானவர்கள். 1395-ல் இந்தப் பகுதியை ஆண்ட ஃபிலிப் பிரபு, எளிதாக எக்கச்சக்கமாகக் காய்க்கும் காமே திராட்சையைத் 'துரோகிப் பயிர்' என்று திட்டிப் பிடுங்கச் சொன்னார். 1760-ல் கோன்ட்டி இளவரசர் இந்த நிலத்தை வாங்கினார். பெயரில் ஒட்டிக்கொண்டார்.

"வாட்ச்மேன் இல்லையேன்னு நினைக்காதே" என்றான் நண்பன். 2010-ல் ஒருத்தன், கொடிகளுக்கு விஷம் வைப்பேன் என்று மிரட்டிப் பத்து லட்சம் யூரோ கேட்டானாம். பக்கத்து ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் கள்ள நோட்டை வைத்து அமுக்கியிருக்கிறது போலீஸ்.

எனக்கென்னவோ அந்த 1945-தான் மனசில் நின்றது. அமெரிக்காவிலிருந்து வந்த வேர்ப்பூச்சி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் திராட்சையையே துடைத்துப் போட்டது. பெரும்பாலானவர்கள் அமெரிக்க வேரில் ஒட்டுக் கட்டிப் பிழைத்தார்கள். இந்தத் தோட்டக்காரர்களோ மாட்டேன் என்று, மண்ணுக்குள் மருந்து செலுத்தியே பழைய கொடிகளைக் காப்பாற்றி வந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் மருந்தும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. 1945-ல் தேறியது சுமார் 600 பாட்டில். அத்தனை கொடியையும் வேரோடு பிடுங்கிவிட்டு, 1947-ல் ஒட்டுச் செடி நட்டார்கள். அடுத்த ஒயின் 1952-ல். நடுவில் ஆறு வருஷம் இந்தத் தோட்டத்தின் பெயரில் ஒரு பாட்டில் கிடையாது!

முதல் கம்பெனியில் மூணு மாசம் சம்பளம் தள்ளிப்போனதும் ராஜினாமா கடிதத்தை நீட்டியவன் நான். பக்கத்து ஸீட்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். இன்றைக்கு அங்கே அவன் மேனேஜர். நான் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். அவன் செய்தது பொறுமையா, பிடிவாதமா? இந்தத் தோட்டக்காரர்கள் இரண்டையுமே செய்திருக்கிறார்களே! சுவரோரம் நின்று ரொம்ப நேரம் யோசித்தேன், விடை வரவில்லை. பசிதான் வந்தது.

திரும்பும் வழியில், ரோட்டுக்குக் கீழ்ப்பக்கத்துப் பினோ நுவார் ஒரு பாட்டில் வாங்கினேன். நண்பன் எச்சரித்தான்.

"உடனே திறக்காதே. மூணு வருஷம் வச்சா இன்னும் நல்லா இருக்கும்."

அன்று ராத்திரி ஒன்பது மணிக்கே பாட்டில் காலி.