லாபானின் மந்தையும் நூலகத்துப் புத்தகமும்



விடுமுறை நெருங்கும்போதெல்லாம், பிள்ளைகள் எந்தப் படத்தைப் பார்க்கலாம், எந்தப் புத்தகத்தை வாசிக்கலாம் என்று பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. இம்முறை பதில் சொல்லுமுன், இதே கேள்விக்கு முன்பொருமுறை நான் சொன்ன தவறான பதிலை உங்கள்முன் அறிக்கையிட விரும்புகிறேன்.

2024 மார்ச் 28, பெரிய வியாழன். பிளெஸ்ஸி இயக்கிய 'ஆடுஜீவிதம்' திரைப்படம் அன்றுதான் தமிழிலும் வெளியாயிற்று. கேரளத்திலிருந்து சவூதி அரேபியாவுக்குப் பிழைக்கப் போன நஜீப் என்பவர், பாலைவனத்து ஆட்டுப்பட்டி ஒன்றில் கூலியின்றி அடிமையைப்போல் சிக்கிக்கொண்ட கதை அது. ஈஸ்டர் கழிந்த வாரத்தில், கான்சாபுரத்தில் நம் சபையைச் சேர்ந்த தாயார் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவருடைய மகன் வளைகுடா நாடு ஒன்றுக்கு வேலைக்குப் போய் ஓராண்டு ஆகியிருந்தது.

"ஐயா, அந்தப் படத்தை நான் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

"வேண்டாம்மா. சினிமா பார்த்து மனசைக் கலக்கிக்கொள்ள வேண்டாம். தம்பிக்காக ஜெபம் பண்ணுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நான் அந்தப் படத்தைப் பார்த்ததுமில்லை. அதைப் பற்றி விசாரித்ததுமில்லை. சினிமா என்ற சொல்லுக்கு நான் பல ஆண்டுகளாக வைத்திருந்த ஆயத்தமான பதில் அது. அந்தத் தாயார் மறுபேச்சின்றிப் போய்விட்டார்.

சில வாரங்களுக்குப்பின் ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்துக்கு வேறொரு புத்தகம் தேடிப் போயிருந்தேன். அடுக்கில் 'ஆடு ஜீவிதம்' என்ற பெயர் கண்ணில் பட்டது. பென்யாமின் மலையாளத்தில் எழுதி 2008-இல் வெளிவந்த நாவலின் தமிழாக்கம். படம் வருவதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்பே வந்த நூல் என்பதையே அன்றுதான் அறிந்தேன். பின்பக்கத்துச் சீட்டில் பல தேதி முத்திரைகள் இருந்தன. என்னைவிட முன்னதாக எத்தனை பேர் வாசித்திருக்கிறார்கள் என்று வெட்கத்தோடு எண்ணிக்கொண்டு, என் பெயரிலும் பதிந்து எடுத்து வந்தேன்.

இரண்டே இரவுகளில் வாசித்து முடித்தேன். பாலைவனத்தின் வெயிலும் பட்டியின் நாற்றமும் என்னை வருத்தின. ஆனால் உறங்கவிடாமல் செய்தது வேறொரு பகுதி. நஜீப் ஊரிலுள்ள மனைவிக்கு மனதுக்குள்ளே கடிதம் எழுதுகிறார். அவற்றில் தாம் சுகமாக இருப்பதாகவும், நல்ல இடத்தில் நன்றாக உண்டு உறங்குவதாகவும் சொல்கிறார். அனுப்ப முடியாத கடிதத்தில்கூட ஒரு மனிதன் தன் துயரத்தை மறைக்கிறான்!

அந்த வாரம் ஞாயிறு ஆராதனைக்கு நான் எடுத்திருந்த வேதபகுதி ஆதியாகமம் 31-ஆம் அதிகாரம். அங்கே யாக்கோபு மாமனாகிய லாபானின் மந்தையை மேய்க்கிறான். பகலில் வெயிலும் இரவில் குளிரும் அவனை வாட்டுகின்றன. நித்திரை அவனை விட்டுப் போகிறது. சம்பளமோ பத்துமுறை மாற்றப்படுகிறது. இறையியல் கல்லூரியில் கற்ற நாள்முதல் எத்தனையோ முறை இப்பகுதியைப் பிரசங்கித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் யாக்கோபின் பொறுமையைப் புகழ்ந்தேனேயன்றி, இப்போது அவனைப்போல் அந்நிய தேசத்தில் இருக்கும் நம் பிள்ளைகள் யார் என்று ஒருமுறையும் கேட்டதில்லை.

சனிக்கிழமை இரவு அந்தத் தம்பியைக் கைப்பேசியில் அழைத்தேன். வழக்கம்போல் "நல்லாயிருக்கேன் ஐயா" என்றான். இதுவரை அந்தப் பதிலோடு நானும் "ஸ்தோத்திரம்" என்று வைத்துவிடுவேன். அன்று, "தம்பி, உன் பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது? கடைசியாக எந்த மாதம் சம்பளம் வாங்கினாய்?" என்று கேட்டேன். நெடுநேரம் சத்தமில்லை. பிறகு அழுதான். ஐந்து மாதமாகக் கூலி இல்லை. பாஸ்போர்ட் மேற்பார்வையாளரிடம் இருக்கிறது. "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க ஐயா" என்றான்.

"நான் சொல்ல மாட்டேன்; நீயே சொல்" என்றேன். மறுநாள் சொன்னான். நான் ஆறுதல் சொல்லப் போனபோது அந்தத் தாயார் கலங்காமல் இருந்தார். "எனக்கு அப்பவே மனசுல பட்டுது ஐயா. அதனாலதான் அந்தப் படத்தைப் பத்தி உங்ககிட்ட வந்து கேட்டேன்" என்றார். அவர் கேட்டது சினிமாவைப் பற்றியே அல்ல என்பதை நான் அப்போதுதான் உணர்ந்தேன்.

வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் முறையீடு பதிவு செய்தோம். இந்தியத் தூதரகத்துக்கும் எழுதினோம். பல மாதங்கள் சென்றன. வரவேண்டிய கூலியில் பாதிதான் கைக்குக் கிடைத்தது. ஆயினும் பிள்ளை வீடு வந்து சேர்ந்தான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

பிரியமானவர்களே, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். படங்கள் நம்மைக் கேளாமலே கைப்பேசிக்கு வந்துவிடுகின்றன. அவை எந்த நூலிலிருந்து பிறந்தனவோ, அந்த நூலையும் இரவல் வாங்கி வாசியுங்கள். 'ஆடு ஜீவிதம்' என் முதல் பரிந்துரை. பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்ப எண்ணுகிற ஒவ்வொரு வீட்டாரும் அதை வாசிக்க வேண்டும்.

'அசுரன்' படத்தில் அரிவாள் ஓங்கியபோது விசிலடித்த வாலிபர்களுக்கு, அதற்கு மூலமான பூமணியின் 'வெக்கை'யைச் சொல்வேன். 1982-இல் வந்த சிறிய நாவல். கொலை செய்துவிட்ட பதினைந்து வயதுச் சிறுவனும் அவன் தகப்பனும் காட்டில் ஒளிந்து திரியும் நாட்கள் அதில் உள்ளன. அங்கே விசிலடிக்க ஓரிடமும் இல்லை. பசியும் பயமும், மகனை விட்டு விலகாத ஒரு தகப்பனின் அன்புமே இருக்கின்றன. வரப்புத் தகராறுகள் உள்ள நம் ஊர்களுக்கு இது வேண்டிய நூல்.

பெரியவர்களுக்குச் சோ. தர்மனின் 'சூல்'. 2019-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற இந்த நாவல், உருளைக்குடிக் கண்மாயையும் அதைக் காத்துவந்த மக்களையும் பற்றியது. கண்மாய்த் தண்ணீரை நம்பி விதைக்கிற நமக்கு அதில் அந்நியமான பக்கம் ஏதுமில்லை.

செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம். 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்த காலந்தொட்டு, நாம் கட்டும் வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. அந்தப் புத்தகங்கள் நம் பணத்தில் வாங்கியவை.

சிறையில் குளிரோடிருந்த பவுல் அப்போஸ்தலர், தம் மேலங்கியோடு புத்தகங்களையும் கொண்டுவரும்படி தீமோத்தேயுவைக் கேட்டுக்கொண்டார். மரணத்தின் வாசலில் நின்றவருக்கே வாசிப்பு வேண்டியிருந்தது. எனக்கு அது ஐம்பது வயதுக்குமேல்தான் விளங்கியது.

இவ்வாரம் ஒரு புத்தகத்தை எடுங்கள். அதைத் திருப்பிக் கொடுக்குமுன், தூரத்தில் இருக்கும் உங்கள் பிள்ளை ஒருவரை அழைத்து, "நல்லாயிருக்கியா?" என்பதற்கு அடுத்த கேள்வியையும் கேளுங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.