லென்ஸை வேட்டியில துடைக்காதீங்க

1/ தேவாரத்துல டாக்டரா இருந்தா வாட்ஸ்அப்ல நிறைய போட்டோ வரும். மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போனவங்க கால் புண், தோல் தடிப்பு, பூச்சிக்கடின்னு எடுத்து அனுப்புவாங்க. பல படம் பனிமூட்டத்துக்குள்ள எடுத்த மாதிரியே இருக்கும். போன் மேல தப்பில்லை; லென்ஸ்ல விரல் எண்ணெயும் தூசியும்.

2/ இதுல என்ன பெரிய விஷயம்? ஸ்க்ரப் டைபஸ் (உண்ணிக் காய்ச்சல்) வந்தவங்க பலருக்கு அக்குள், இடுப்பு, தொடை இடுக்குல வலியே இல்லாத கறுப்புப் பொருக்கு இருக்கும். சிகரெட் சுட்ட மாதிரி, சுத்தி சிவப்பு. தெளிவான படம்னா "இன்னிக்கே இறங்கி வாங்க"ன்னு சொல்லிடலாம். மங்கலான படத்துல அது மச்சம் மாதிரி தெரியும். டாக்ஸிசைக்ளின் சீக்கிரம் ஆரம்பிச்சா நல்லா கேக்குற நோய் இது. தள்ளிப்போனா நுரையீரல், சிறுநீரகம் வரை பாதிக்கும்.

3/ சரி, எப்படித் துடைக்கறது? கண்ணுல மண் விழுந்தா கசக்காதீங்க, முதல்ல கழுவுங்கன்னு சொல்றோம்ல? அதே விதிதான். மண்ணுல இருக்கற குவார்ட்ஸ் சாதாரணக் கண்ணாடியை விடக் கடினம். வேட்டி நுனி, முந்தானை, சட்டைன்னு எதை வெச்சு அழுத்தித் தேச்சாலும் கீறல் விழலாம்.

4/ முதல்ல தூசியை எடுங்க: ரப்பர் பல்ப் ப்ளோயர், இல்லேன்னா சுத்தமான மெல்லிய பிரஷ். வாயால ஊதினா எச்சில் தெறிக்கும். பிறகு மூக்குக்கண்ணாடிக் கடையில தர்ற மெல்லிய துணியால நடுவுலேருந்து வெளியே வட்டமா, அழுத்தாம துடைங்க. பிசுக்கு போகலேன்னா லென்ஸ் க்ளீனர் ஒரு சொட்டு, துணி மேல. லென்ஸ் மேல நேரா ஊத்தினா விளிம்பு வழியா உள்ள இறங்கிடும்.

5/ சானிடைசர் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தோட ஃபார்முலாவுல 80% எத்தனாலோட 1.45% கிளிசரால் இருக்கு. கை வறளாம இருக்கச் சேர்த்தது. லென்ஸ்ல படலமா நிக்கும். நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டவே வேண்டாம், அசிட்டோன் பிளாஸ்டிக்கை அரிச்சிடும்.

6/ பெரிய கேமரா வெச்சிருக்கறவங்களுக்கு: மலை ஈரத்துல லென்ஸுக்குள்ள சிலந்தி வலை மாதிரி பூஞ்சை பிடிக்கும். வெளியே எவ்வளவு துடைச்சாலும் அது போகாது. தோல் பையில பூட்டி வைக்காம, காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க.

7/ டாக்டருக்கு அனுப்பறதுக்கு முன்னாடி லென்ஸைச் சுத்தம் பண்ணிட்டு, பகல் வெளிச்சத்துல ரெண்டு படம் எடுங்க: ஒண்ணு கிட்ட, ஒண்ணு கொஞ்சம் தள்ளி. காய்ச்சலோட கறுப்புப் பொருக்கும் இருந்தா பதிலுக்குக் காத்திருக்காதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.